கல்யாணப் படம் எடுக்க வேலையை விடலாமா? யோசனை எங்கிருந்து வருகிறது?

5 ஆகஸ்ட் 2024, ஒரு வாசகர் கேட்டது

எனக்கு 27 வயது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன், 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வருடமாக ஓய்வு நாட்களில் கல்யாணங்களுக்கு இரண்டாவது கேமராவாகப் போகிறேன். முழு நேரமாக இறங்கிவிடலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் எங்கே போனாலும் அதே மாலை, அதே மேடை, அதே டிரோன் ஷாட். போனில் பார்த்த படத்தையே நானும் எடுக்கிறேன் என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. புதிதாக எடுக்க யோசனை எங்கிருந்து வரும்? இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வேலைக்கு வெளியே வாழ்க்கை என்று ஒன்று உண்டா? அக்கா பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

5 ஆகஸ்ட், இரவு

வேலையை இப்போது விடாதே தம்பி. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், அது பணக் கணக்கு, நிதானமாகச் சொல்ல வேண்டியது.

ஆடி மாதம், கையில் ஒரு கல்யாணமும் இல்லை, அதனால் எழுத நேரம் இருக்கிறது. 17 வருடமாகப் பினாங்குத் தீவிலும், எதிர்க்கரையில் செபராங் பிறையிலும், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிப் பக்கமும் கல்யாணம் எடுக்கிறேன். மேடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நீ சொல்வது சரிதான். மேடையையே பார்த்திருந்தால் எனக்கு மூன்றாம் வருடமே சலித்துப் போயிருக்கும். நான் மண்டபத்துக்குப் போனதும் முதலில் சமையல்கட்டுக்குப் போவேன். அங்கே காய் நறுக்கிக்கொண்டு, இலை துடைத்துக்கொண்டு, பெண்ணின் சின்னம்மாவோ பெரியப்பா மகளோ யாராவது இருப்பார்கள். ஒரு தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்பேன். யாருக்கு யார் என்ன முறை, யார் ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை, யாரும் யாரும் பேச்சு இல்லையா. கடைசிக் கேள்வியை நேராகக் கேட்க முடியாது, உட்கார்ந்திருந்தால் தானாக வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வீட்டுப் பங்கு விஷயத்தில் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்று சமையல்கட்டில் தெரிந்துகொண்டேன். சித்தப்பா வந்திருந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அட்சதை போட ஆட்கள் மேடையேறும்போது எல்லாக் கேமராவும் முன்னால் நின்றது. நான் பக்கவாட்டில், படிக்கட்டைப் பார்த்த மாதிரி போய் நின்றுகொண்டேன். சித்தப்பாவுக்குப் படியில் கால் கொஞ்சம் தடுமாறியது. அண்ணன் கையை நீட்டி முழங்கைக்குக் கீழே பிடித்தார், பிடித்த கையை உடனே விடவில்லை. நான்கு படம் விழுந்தது, ஒன்றுதான் தெளிவாக இருந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் இன்றைக்குப் பெரிதாக மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அந்த இடத்தில் போய் நில் என்று எனக்குச் சொன்னது அந்தத் தேநீர்.

7 ஆகஸ்ட்

கோயிலுக்குள் எப்படி எடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மண்டபத்தைவிட எனக்குக் கோயில் கல்யாணம்தான் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட்டில் இருக்கிற மகா மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1833இல் கட்டியது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். உள்ளே விளக்கு வெளிச்சம் மஞ்சள், டியூப் லைட் பச்சை கலந்த வெள்ளை, வாசல் வழியாக வருவது வெயில். மூன்றும் ஒரே முகத்தில் விழும். எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். நான் பெண்ணின் முகத்துக்கு மட்டும் நிறத்தைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு மற்றதை அதன் போக்கில் விட்டுவிடுவேன். பின்னால் மஞ்சளாக இருந்தால் இருக்கட்டும், கோயில் அப்படித்தான் இருக்கும்.

ஓமம் நடக்கும்போது பிளாஷ் வேண்டாம். கேமராவோடு ஒட்டியிருக்கிற பிளாஷ் அடித்தால் புகை வெள்ளைச் சுவர் மாதிரி முன்னால் வந்து நிற்கும், பின்னால் இருப்பவர்கள் காணாமல் போவார்கள். அதே புகைக்கு எதிர்ப்பக்கம் போய், வாசல் வெளிச்சம் புகைக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி நின்றால் ஒவ்வொரு சுருளும் தெரியும். எனக்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200, எஃப் (லென்ஸ் திறப்பு) 2, ஷட்டர் வினாடியில் 250இல் ஒரு பங்கு. அப்புறம் ஒன்று. கூரைப்புடவை அரக்குச் சிவப்பாக இருந்தால் கேமராவுக்குச் சிவப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், ஜரிகைக்கும் பட்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக விழும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பில் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) மூன்றில் இரண்டு பங்கு குறைத்து எடுங்கள், முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். நிரம்பிப் போன சிவப்பு திரும்பி வராது.

மண்டபத்தில் மலிவான எல்இடி விளக்கு என்றால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த மாதிரி விளக்கு வினாடிக்கு நூறு தடவை மின்னும். அப்போது வினாடியில் 100இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடுவேன், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிடுவேன்.

தாலி கட்டுவது மூன்று வினாடிதான். அதற்குள் கெட்டிமேளம், அட்சதை, முன்னால் வந்து போனைத் தூக்குகிற மாமா, எல்லாம் ஒன்றாக வரும்.

8 ஆகஸ்ட்

நேற்று மூன்று வினாடி என்று எழுதியது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி உட்கார்ந்து பழைய கோப்புகளைத் திறந்து ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கிற நேரத்தைப் பார்த்தேன். போன வைகாசிக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையைப் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொண்டு போனது 10 மணி 42 நிமிடம் 17 வினாடி. முதல் முடிச்சு விழுந்தது 23ஆம் வினாடி. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்தது 48ஆம் வினாடி. அரை நிமிடம்! இன்னும் ஆறு கல்யாணம் பார்த்தேன், எதிலும் 20 வினாடிக்குக் குறைவில்லை. மூன்று வினாடி என்பது என் பதற்றம் போட்ட கணக்கு, அதை உண்மை என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. அரை நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தால், முதல் முடிச்சை எடுத்துவிட்டுக் கேமராவைத் திருப்பிப் பெண்ணின் அம்மாவைப் பார்க்க நேரம் இருக்கிறது. சில வீடுகளில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவார், சில வீடுகளில் முதல் முடிச்சு மட்டும் அவர், மற்ற இரண்டும் அவருடைய அக்காவோ தங்கையோ. முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார் என்பது உட்பட.

11 ஆகஸ்ட்

வாழ்க்கை உண்டா என்று கேட்டாய்.

இங்கே பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முகூர்த்தம் வைக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வர வேண்டுமே. சனி இரவு நலங்கு, ஞாயிறு கல்யாணம், அன்று இரவோ அடுத்த சனியோ விருந்து. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், அதனால் சுங்கை பட்டாணிக் கல்யாணம் வெள்ளியில் விழும். இரண்டு மாநிலத்திலும் வேலை எடுக்கிறவளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் போய்விடும். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஓடினாள், விளையாட்டுப் போட்டி எப்போதும் சனிக்கிழமைதான் வந்தது. ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்தேன். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் முக்கியமான நாளை எல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறேன், அவள் ஓடுகிற படம் வேறு ஒரு பிள்ளையின் அப்பா எடுத்து அனுப்பியதுதான் வீட்டில் இருக்கிறது. இதை நீ தெரிந்துகொண்டு உள்ளே வர வேண்டும், வந்தபிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

திங்கட்கிழமை எனக்கு ஞாயிறு. அன்றைக்குக் கேமராவைத் தொடமாட்டேன். என்ன செய்வேன் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று. பெண்ணாக இருப்பதால் எனக்குத் திறக்கிற கதவுகள் உண்டு. பெண் அலங்காரம் செய்துகொள்கிற அறைக்குள் முதலிலிருந்து இருக்கலாம். தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்று என்னை நிக்காஹுக்கு அழைத்தது, பள்ளிவாசல் பக்கம் ஓர் ஆண் எடுத்தார், வீட்டில் பெண்கள் பகுதி என்னுடையது. மாப்பிள்ளையின் அக்கா கருகமணி கட்டும்போது அறையில் இருபது பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், வெயில் திரைச்சீலை வழியாக வந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படங்களில் சில அன்றைக்கு எடுத்தவை. வெளியே யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது அவர்கள் வீட்டு ஆல்பத்தில் மட்டும்தான் இருக்கிறது. நல்ல படம் எல்லாம் போனில் வந்துவிடும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதற்காகச் சொல்கிறேன்.

13 ஆகஸ்ட்

போனில் பார்த்ததையே எடுக்கிறேன் என்றாயே, அதற்கு எனக்கு மருந்தாக இருந்தது பழைய படங்கள். ரொம்பப் பழையவை.

ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862இல் இந்தப் பக்கம் வந்து, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் எதிர்க்கரையிலும் படம் எடுத்தார். அப்போது கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். இந்த வெயிலில் அதற்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பினாங்கில் உதவிக்கு ஆள் தேடினார். சீனர்கள் அது ஏதோ பேய் வேலை என்று மறுத்துவிட்டார்கள், அதனால் சென்னைக்காரர்கள் இரண்டு பேருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்து உதவியாளராகவும் பிரதி போடுகிறவராகவும் வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிரதி போடுவது என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் காயவைத்து, நிறம் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எடுப்பது. அவசரப்பட்டால் வெளிறும், தாமதித்தால் கறுக்கும். கண்தான் கடிகாரம். 160 வருடத்துக்கு முன் இந்தத் தீவில் இரண்டு பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று முதன்முதலில் தெரிந்தபோது, அப்பாவின் கடை இருட்டறையில் நான் சின்னப் பிள்ளையாகச் சிவப்பு விளக்கில் நின்றது ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அந்த இரண்டு பேரின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

15 ஆகஸ்ட்

திருத்தம். "சென்னைக்காரர்கள்" என்று எழுதியது தப்பு. அவர் சொல்வது மெட்ராஸ் ஆட்கள், அந்தக் காலத்தில் மெட்ராஸ் என்றால் ஒரு மாகாணம் முழுக்க. பினாங்குக்கு ஆட்கள் வந்த கப்பல்கள் பல நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பியவை. அவர்கள் நாகப்பட்டினமோ தஞ்சாவூரோ ராமநாதபுரமோ எதுவாகவும் இருக்கலாம். சொந்த ஊரையாவது நான் சரியாக விட்டுவைக்க வேண்டும்.

16 ஆகஸ்ட்

யோசனை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளைக்கு ஆவணி பிறக்கிறது, பிறகு எழுத நேரம் இருக்காது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தேங்காய் உடைப்பார்கள், தெரியும்தானே, குவியல் குவியலாக. தமிழரும் உடைப்பார்கள், சீனரும் உடைப்பார்கள். தொடக்க வருடங்களில் எனக்கு நேரம் பிடிக்கவே வராது, தேங்காய் சிதறியபிறகுதான் விரல் அழுத்தும். ஒரு வருடம் அந்த இரவு முழுக்க அங்கேயே நின்று பழகினேன். வினாடியில் 1000இல் ஒரு பங்கு வைத்தால் தண்ணீர் துளித்துளியாக நிற்கும், ஆனால் அது கேமராவின் வேலை, என் வேலை எப்போது அழுத்துவது என்பது. தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். எறிகிறவரின் தோளைப் பார்க்க வேண்டும். கை ஓங்கியபிறகு தோள் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்தினால் சிதறும்போது விழும்.

அதைக் கல்யாணத்துக்குக் கொண்டு வந்தேன். அழப்போகிற அம்மாவுக்குக் கண் கலங்குவதற்கு முன்னால் தோள் கொஞ்சம் தூக்கும், மூச்சை உள்ளே இழுத்து அடக்கப் பார்ப்பார். சிரிக்கப்போகிற தாத்தாவுக்கும் அப்படித்தான். கண்ணீர் வந்தபிறகு எடுத்த படம் அழுகிற படம். அதற்கு ஒரு கணம் முன்னால் எடுத்தது அந்த அம்மாவின் படம்.

19 ஆகஸ்ட், திங்கள்

நேற்று ஆவணி முதல் ஞாயிறு. காலை நான்கு மணிக்குப் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பிப் பாலம் கடந்து போனேன். கால் வீக்கம் இன்னும் இறங்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காடியில், அதாவது காரில், ஏர்கோன் போட்டு வந்து கோயில் வாசலில் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், துடைக்கத் துடைக்கப் படியும். பையைப் பின்பெட்டியில் வையுங்கள், இருபது நிமிடம் முன்னதாக வந்து மூடிய பையோடே வெளியே வைத்திருங்கள். வீட்டில் ஈரம் 40லிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருக்கிற உலர்பெட்டி கட்டாயம் வேண்டும். என் முதல் 85 மில்லிமீட்டர் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி பிடித்துவிட்டது, அலமாரியில் துணிகளோடு வைத்திருந்தேன்.

25 ஆகஸ்ட், இரவு

இன்று கல்யாணத்திலிருந்து திரும்பி வரும்போது ஒரு போன் வந்தது. 2016இல் நான் எடுத்த கல்யாணப் பெண். அவருடைய அப்பா போன வாரம் தவறிவிட்டார். கருமாதிக்கு வைக்கப் படம் தேடுகிறார்கள். ஆல்பத்தில் அப்பா இருக்கிற படத்தில் எல்லாம் விறைப்பாக நிற்கிறார், "அப்பா சிரிச்ச மாதிரி ஒண்ணாவது இருக்காக்கா?" என்று கேட்டார்.

குளிக்கக்கூட இல்லை, உட்கார்ந்து தேடினேன். 2,860 படம். அவர்களுக்குக் கொடுத்தது 700. மிச்சத்தில் இருந்தது. பந்தியில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டிருக்கிறார், தோளில் துண்டு. பாயசம் ஊற்ற வந்த பையனிடம் இலையின் ஓரத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம் என்கிறார், முகம் முழுக்கச் சிரிப்பு. படத்தின் ஓரத்தில் யாருடைய கையோ பாதி மறைக்கிறது, குவியம் கொஞ்சம் பிசகியிருக்கிறது. அதனால்தான் அப்போது கழித்திருக்கிறேன். கையை வெட்டிச் சரிசெய்து அனுப்பினேன். ஐந்து நிமிடம் பதில் இல்லை, பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது, அதில் பேச்சு இல்லை.

அதனால் சொல்கிறேன், எதையும் அழிக்காதே. நான் எதையும் அழிப்பதில்லை.

26 ஆகஸ்ட்

நேற்று ராத்திரி எழுதிய கடைசி வரி முழு உண்மை இல்லை. இப்போது அழிப்பதில்லை. 2013 வரை அழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஹார்ட் டிஸ்க் வாங்கக் காசு இல்லை, கொடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவேன். 2019இல் ஓர் அம்மா வந்தார். 2010இல் நான் எடுத்த கல்யாணத்தில் அவருடைய மகன், மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், பிறகு விபத்தில் போய்விட்டான். அவன் தனியாக இருக்கிற படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். என்னிடம் இருந்தது குழுப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். அன்றைக்கு அவன் மண்டபம் முழுக்க ஓடியாடி வேலை செய்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நன்றிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளே இரண்டு டிஸ்க் வாங்கினேன். ஒன்று வீட்டில், ஒன்று தங்கை வீட்டில்.

நான் எதற்காக எடுக்கிறேன் என்பது அந்த இரண்டு பேரும் வந்த பிறகுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களைப் பார்க்கிறார்கள். பத்து வருடம் கழித்து ஆல்பத்தைத் திறந்து அவர்கள் தேடுவது பக்கத்தில் நின்றவர்களை. பந்தி, வாசல், சமையல்கட்டு, நாற்காலியில் தூங்குகிற தாத்தா, எல்லாவற்றையும் எடு. நூறில் தொண்ணூறு யாருக்கும் தேவைப்படாது. எது தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியாது.

2 செப்டம்பர், திங்கள்

திங்கட்கிழமைகளைப் பற்றி.

செபராங் பிறையில் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இப்போது வீடமைப்புப் பகுதிகள். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், அவர்களுடைய கல்யாணப் படங்கள் பிஸ்கட் டின்னிலும் மெத்தைக்கு அடியிலும் இருக்கின்றன. ஆறு வருடமாகத் திங்கட்கிழமை ஒரு வீட்டுக்குப் போய் அவற்றை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். பணம் வாங்குவதில்லை, பசியாறக் கொடுத்தால் சாப்பிடுவேன்.

இதில் தெரிந்துகொண்டது நிறைய. 1950களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் கண்ணிமை தெரிகிற அளவுக்கு இருக்கிறது, 1970களில் எடுத்த கலர் படம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அந்தக் காலத்துக் கலர் தாளில் நீலம் கலந்த சாயம்தான் முதலில் போகும், பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் போகும், அதனால் சிவப்பு மட்டும் மிஞ்சும். அதைவிடக் கொடுமை பசை வரி போட்டு மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிற ஆல்பம். இருபது வருடத்தில் படம் பசையோடு ஒட்டிப்போய்விடும். இழுத்தால் கிழியும். பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் அறுப்பது மாதிரி மெதுவாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அறுத்து எடுப்பேன். வரவில்லை என்றால் விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்வேன்.

போன மாதம் நிபோங் திபாலில் ஒரு பாட்டி. 1968இல் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். முஸ்லிம் அல்லாதவர்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் சடங்கு முறையில் நடந்தவை செல்லும் என்று சட்டமே சொல்கிறது, ஆனால் பலர் கையில் ஒரு காகிதமும் இல்லை. இந்தப் பாட்டிக்கும் இல்லை. இருப்பது ஒரே ஒரு படம், கல்யாணம் முடிந்து வாடகைக் காடி பிடித்து டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் மாடிப்படியும் தூணும் வரைந்த திரை. அவர் நிற்கிறார், தாத்தா உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக்கிக் காட்டியபோது பாட்டி தன் கையைப் பார்த்தார். கை தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது, விரல் கணு வெளுத்திருக்கிறது. "பயந்தேம்மா, அவர் மொகத்தையே அன்னைக்குத்தான் சரியாப் பார்த்தேன்" என்றார். 56 வருடத்துக்கு முன்னால் அந்த ஸ்டுடியோக்காரர் இரண்டு பேரையும் அசையாமல் நிற்கச் சொன்னார், ஆனாலும் அந்தக் கை வந்துவிட்டது.

அப்பாவின் கடையிலும் இப்படி ஒரு திரை இருந்தது. அவர் வாடிக்கையாளரை நிறுத்திவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் வருவதற்குள் அவர்களிடம் வீட்டு விஷயம் விசாரித்துக்கொண்டே வருவார். சமையல்கட்டுத் தேநீரை நான் கண்டுபிடித்ததாக இதுவரை நினைத்திருந்தேன், எழுதும்போதுதான் இது படுகிறது.

9 செப்டம்பர்

பணக் கணக்கு, தம்பி. சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, நேற்று கல்யாணம், இரண்டுக்கும் நடுவில் தூக்கம் மூன்று மணி நேரம், அதனால் சுருக்கமாக.

ஒரு நாள் கல்யாணத்துக்கு நான் வாங்குவது 3,800 வெள்ளி (ரிங்கிட்). இரண்டாவது கேமராவுக்கு 600, ஆல்பத்துக்கு 700, காடிக்கு எண்ணெய், பாலக் கட்டணம், சாப்பாடு. மிச்சத்தில் கேமராவுக்கும் டிஸ்க்குக்கும் ஒதுக்க வேண்டும். படம் தேர்ந்தெடுத்துத் திருத்த எனக்கு 30 மணி நேரம் ஆகும். ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் ஒன்று இரண்டு வந்தால் உண்டு. போன வருடம் 34 கல்யாணம், அது எனக்கு நல்ல வருடம். உன் தொழிற்சாலையில் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் என்றால் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார், நீ 11 போடுகிறாய். வெளியே வந்தால் அந்த 13 இல்லை, நீயாக விரும்பிப் போட்டால்தான் உண்டு. நான் முதல் எட்டு வருடம் போடவில்லை.

18 மார்ச் 2020 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கும் வாங்கிய முன்பணம் என் கையில் இருந்தது, பாதி செலவாகியிருந்தது. நகையை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வருடச் செலவுக்குப் பணம் வங்கியில் இருந்தால் வேலையை விடு. அதுவரை ஷிப்ட் மாற்றிக்கொண்டு வா, இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. கல்யாணம் எங்கேயும் ஓடிவிடாது.

16 செப்டம்பர், திங்கள், மலேசிய நாள்

நேற்று தம்பி என்னோடு வந்தான். இங்கேயே கேள்வி கேட்ட தம்பிதான், ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று கூப்பிட்டிருந்தேன். காலை ஐந்து மணிக்குக் கோயில், பையைப் பின்பெட்டியில் வைத்திருந்தான், நல்லது.

சொல்லாமலே சமையல்கட்டுக்குப் போனான். முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் தூணில் சாய்ந்து பெண்ணின் அப்பாயி உட்கார்ந்திருக்கிறார், கால் கட்டைவிரலில் நூலை மாட்டி மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். மண்டபத்தில் பூ வந்து குவிந்திருக்கிறது, ஆனாலும் பேத்தி தலைக்குத் தன் கையால் ஒரு முழம். கண் சரியாகத் தெரியாது, விரல் தானாகப் போகிறது, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஓர் இழுப்பு. தம்பி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தக் காலையும் நூலையும் எடுத்துக்கொண்டிருந்தான். "என்னைய எதுக்குய்யா எடுக்கற, போயி பொண்ண எடு" என்று அவர் திட்டிக்கொண்டே இருந்தார், நூல் மட்டும் நிற்கவில்லை.

தாலி கட்டும்போது இரண்டாவது முடிச்சை விட்டுவிட்டான். பரவாயில்லை, அது என்னிடம் இருக்கிறது. அவன் அப்போது அம்மாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது என்னிடம் இல்லை.

தம்பி, நேற்று நீ எடுத்தது மொத்தம் 1,140. அப்பாயி படம் 11. அந்தப் பதினொன்றில் எதையும் கழிக்காமல் இரண்டு டிஸ்க்கிலும் போட்டுவை. ஐப்பசியில் சுங்கை பட்டாணியில் ஒரு வெள்ளிக்கிழமைக் கல்யாணம் இருக்கிறது, ஷிப்ட் மாற்ற முடியுமா என்று கேட்டு இந்த வாரத்துக்குள் சொல்.